சீட்டு விழாதவர்



இந்த வாரத் தியானத்திற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 1:15 முதல் 26 வரையுள்ள பகுதியை வேதாகமத்தில் ஒருமுறை வாசித்துவிட்டு இதைத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

யூதாஸின் இடம் காலியாக இருக்கிறது. ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்த அந்தச் சபையில் பேதுரு எழுந்து நின்று, அவ்விடத்தை நிரப்ப ஒருவர் வேண்டும் என்கிறார். அதற்குரிய தகுதியையும் தெளிவாகச் சொல்கிறார். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் முதல் ஆண்டவர் பரமேறிய நாள் வரை கூடவே இருந்தவராகவும், அவருடைய உயிர்த்தெழுதலுக்குச் சாட்சி சொல்லக் கூடியவராகவும் அவர் இருக்க வேண்டும். இருவர் முன்னிறுத்தப்படுகிறார்கள். ஒருவர் யுஸ்து என்றும் பர்சபா என்றும் அழைக்கப்பட்ட யோசேப்பு. மற்றவர் மத்தியா. சபை ஜெபிக்கிறது. சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. அதிகாரம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

நாம் வழக்கமாக மத்தியாவோடு சேர்ந்து அடுத்த அதிகாரத்திற்குப் போய்விடுகிறோம். அங்கே பெந்தெகொஸ்தே நாள் காத்திருக்கிறது. அக்கினி நாவுகளும் பலத்த காற்றின் முழக்கமும் நம்மை இழுத்துக்கொள்கின்றன. ஆனால் அன்று மாலை பர்சபா வீட்டுக்கு எப்படிப் போயிருப்பார்? சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டே பேர் நின்ற இடத்தில், தெரிந்தெடுக்கப்படாத ஒருவராக அவர் நின்றார். தகுதியில் அவருக்கு எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. குறை இருந்திருந்தால் அவரை முன்னிறுத்தியே இருக்கமாட்டார்கள்.

அவரைப் பற்றி இந்த வாரம் நான் நினைக்கக் காரணம் ஒரு கிட்டார்.

என்னிடம் ஒரு கிட்டார் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில், ஊழியத்திற்குப் புறப்பட்ட மூத்த மாணவர் ஒருவர் விற்றுவிட்டுப் போன கல்கத்தா கிவ்சன் கிட்டார் அது. ஜி, சி, டி என்னும் மூன்று கார்டுகளை வைத்துக்கொண்டு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பழக்கம், பின்னர் மாலை நேரத்து அரைமணி நேரமாக என்னோடு தங்கிவிட்டது. அதை நான் ஊழியம் என்று சொல்லிக்கொண்டதில்லை. தோட்டம் வைத்திருப்பவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல ஒரு பிரியம், அவ்வளவே.

சில வாரங்களுக்கு முன், நம் ஊர் மைக் செட் கடைக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். திருமணங்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் பாடும் உள்ளூர் மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்துவந்தவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டாராம். புதியவர் ஒருவரைத் தேடுகிறார்களாம். சனிக்கிழமை மாலை ஆடிஷன் வைத்திருக்கிறார்களாம். சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, மேலே வெள்ளிமலை வரையிலும் போய் வாசிக்கிற குழு அது. கிறிஸ்துமஸ் காலத்தில் கீதங்களும் வாசிப்பார்கள். வாராவாரம் போகவேண்டியதில்லை என்றும் மாதத்திற்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிகளே என்றும் அவர் சொன்னார். நான் போனேன்.

ஐம்பதைக் கடந்த ஒரு போதகர் இதற்கு ஏன் போகவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். பிரசங்க பீடத்தில் நிற்பவரை யாரும் நடுவில் நிறுத்துவதில்லை. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, நல்ல செய்தி என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அந்த அன்பிற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆயினும், நான் செய்கிற ஒன்றை ஒருவர் உட்கார்ந்து கவனமாகக் கேட்டு, அது எப்படி இருக்கிறது என்று சொல்லக்கூடிய இடத்தில் ஒருநாள் நிற்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு கடைக்கு மேலே இருந்த மாடி அறை. கீபோர்டு, பேடு, இரண்டு ஒலிபெருக்கிகள், சுவரோரம் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓர் இடத்திற்கு ஐந்து பேர் வந்திருந்தோம். குழுவின் தலைவர் முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். பிறகு, வந்த வரிசைப்படி என்னை நான்காவதாக உட்காரச் சொன்னார். வணக்கத்தையும் வரிசையையும் அவர் குழப்பிக்கொள்ளாதது எனக்குப் பிடித்திருந்தது.

தேர்வு நான்கு படிகளாக இருந்தது. முதலில் நமக்குத் தெரிந்த ஒரு பாடல். இரண்டாவது, அதே பாடலை வேறொரு சுருதியில், கேபோ மாட்டாமல் வாசிக்கவேண்டும். பாடுகிறவருக்குத் தொண்டை சரியில்லாத நாளில் மேடையிலேயே சுருதியை இறக்கவேண்டிவரும் என்று காரணம் சொன்னார்கள். மூன்றாவது, அவர்கள் ஒலிக்கவிடும் ஒரு இடையிசையை இரண்டுமுறை கேட்டு, அப்படியே திரும்ப வாசிக்கவேண்டும். நான்காவது, ஐந்து நிமிடம் தாளக்காரரோடு சேர்ந்து வெறும் ரிதம் மட்டும் வாசிக்கவேண்டும். ஒருவர் வாசிக்கும்போது அறையில் யாரும் கைபேசியை எடுக்கவில்லை. அந்தத் தலைவர் கண்களை மூடிக்கொண்டு ஐந்து பேரையும் ஒரே விதமாகக் கேட்டார்.

முடிவை அன்றே சொன்னார்கள். இருசக்கர வாகனப் பட்டறையில் வேலைசெய்யும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு அந்த இடம் கிடைத்தது. நகக்கண்களில் கிரீஸ் கறை மாறாத கைகள். கிட்டார் இரவல். கைபேசியில் பார்த்தே கற்றுக்கொண்டதாகச் சொன்னான். அந்த இடையிசையை அவன் வாசித்தபோது எங்கள் ஐந்து பேருக்கும் முடிவு தெரிந்துவிட்டது. என்னிடம் தலைவர் இப்படிச் சொன்னார்: “ஐயா, உங்கள் வாசிப்பு பாடுகிறவர்களுக்குத் துணையாக இருக்கிறது. ரிதம் அசையவே இல்லை. ஆனால் எங்களுக்கு இப்போது தேவை முன்னால் வந்து நிற்கிற கிட்டார்.” சொன்ன விதத்தில் மரியாதையும் இருந்தது, மறைப்பின்மையும் இருந்தது.

இதுவரை சொன்னது என் கதை. இதில் பெரிய காரியம் ஒன்றுமில்லை. பொழுதுபோக்கிற்காக வாசிப்பவனுக்கு அது ஒரு மாலை நேர அனுபவம். ஆனால் அந்த ஐந்து நாற்காலிகளில் ஒன்றில் நம் சபையின் பாடகர் குழுவில் வாசிக்கிற ஓர் இளைஞரும் இருந்தார். அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். பட்டப்படிப்பு முடித்து நான்கு ஆண்டுகளாக அரசுத் தேர்வுகள் எழுதிவருகிறார். இரண்டுமுறை மிகச் சிறிய மதிப்பெண் வித்தியாசத்தில் பட்டியலுக்கு வெளியே நின்றவர். ஒரு நிகழ்ச்சிக்கு அந்தக் குழு கொடுக்கும் தொகை அவர் வீட்டுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. அந்த இடம் அவருக்கும் கிடைக்கவில்லை.

இருவரும் படியிறங்கிப் பேருந்து நிலையம் வரை நடந்தோம். வழியில் அவர் கேட்டார்: “ஐயா, உங்களுக்கும் கிடைக்கலையே, வருத்தமா இல்லையா?”

“இருக்கிறது” என்றேன்.

சிறிது தூரம் போனபின், பாதிச் சிரிப்போடு மறுபடியும் கேட்டார்: “ஆண்டவர் இதைவிடப் பெரிசா ஏதாவது வச்சிருப்பார்னு சொல்லுவீங்களா?”

அந்த வாக்கியம் நம் எல்லோருடைய நாவிலும் தயாராக இருப்பது. அவர் அதை எத்தனை பேரிடம், எத்தனை தேர்வு முடிவுகளின் மறுநாளில் கேட்டிருப்பார் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. “பர்சபாவுக்கு என்ன வைத்திருந்தார் என்று வேதம் சொல்லவில்லையே, தம்பி” என்றேன். அவர் பர்சபா யார் என்று கேட்டார். அன்று பேருந்து வரும்வரை சொன்னதையும், அதற்குப்பின் இந்த வாரம் முழுவதும் வேதத்தைத் திறந்துவைத்து யோசித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, கேட்கப்படுவதே ஒரு கனம். நம் திருக்கோவிலூருக்குச் சங்க இலக்கியத்தில் கோவலூர் என்று பெயர். மலையமான் திருமுடிக்காரியின் ஊர். இவ்வூரை வென்றவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. அந்த அதியமானிடம் பரிசில் வேண்டிக் குன்றுகளையும் மலைகளையும் கடந்து பெருஞ்சித்திரனார் என்ற புலவர் போனார். அரசன் அவரை நேரில் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் வறுமையில் இருந்தவர். ஆயினும் அதை வாங்கவில்லை. என்னைக் காணாமல் கொடுக்கிற பொருளை வாங்கிக்கொண்டு போவதற்கு நான் வாணிகம் செய்ய வந்தவன் அல்லன், என் புலமையின் அளவை அறிந்து கொடுத்தால் அது மிகச் சிறியதாயினும் எனக்கு இனியது என்ற பொருளில் அவர் பாடியது புறநானூற்றின் 208ஆம் பாடல்.

கேளாமல் கொடுக்கிற பரிசு மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது என்பதை அந்தப் புலவர் உணர்ந்திருந்தார். நம் வீடுகளையும் சபையையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் மேடையேறிப் பாடும்போது நாம் பாதி கேட்பதற்குள் கைபேசியில் படம் பிடிக்கிறோம். முடியுமுன்னே கைதட்டுகிறோம். கண்மூடிக் கேட்டுவிட்டு, இரண்டாவது சரணத்தில் உன் குரல் நடுங்கியது, ஏன் என்று கேட்கிற ஒருவர் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது அரிது. அந்த மாடி அறையில் கிடைக்காத இடத்தைவிட, அங்கே கிடைத்த அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது, எல்லாத் தேர்வுகளும் இவ்வளவு நியாயமாக நடப்பதில்லை. சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் வீட்டிற்குப் போனபோது, மூத்தவன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு, இவனே அபிஷேகம் பண்ணப்படவேண்டியவன் என்று எண்ணினார். மனிதன் முகத்தைப் பார்ப்பதையும், தாம் இருதயத்தைப் பார்ப்பதையும் கர்த்தர் அங்கே அவருக்குக் கற்பித்தார் (1 சாமுவேல் 16:7). தீர்க்கதரிசியின் கண்ணுக்கே இந்தத் திருத்தம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952ஆம் ஆண்டில், வாசிப்பவருக்கும் தேர்ந்தெடுப்பவருக்கும் நடுவே ஒரு திரையைத் தொங்கவிட்டுத் தேர்வு நடத்தியது. வாசிப்பவர் ஆணா பெண்ணா, யாருடைய மாணவர் என்பது தெரியாமல், ஒலியை மட்டும் கேட்கவேண்டும் என்பது நோக்கம். பிற்காலத்தில் மற்ற இசைக்குழுக்களும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டன. பெண்கள் பலர் அக்குழுக்களில் இடம்பெற அந்தத் திரையும் ஒரு காரணமாயிற்று.

நம் வாழ்வில் திரை இல்லாத தேர்வுகள் எத்தனை! பெண் பார்க்கும் படலம் என்கிறோம். ஒரு மகள் காபித் தட்டோடு வந்து நிற்கிறாள். நிறமும் உயரமும் நகையின் எடையும், வெளியே சொல்லப்படாத வேறு கணக்குகளும் பார்க்கப்படுகின்றன. ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்து போகிறார்கள். கடிதம் வருவதில்லை. அங்கே அந்தப் பெண்ணின் வாசிப்பை யாரும் கேட்கவேயில்லை. இத்தகைய தேர்வில் ஒருவர் தள்ளப்பட்டால், அது அவருடைய அளவைப்பற்றி எதையும் சொல்வதில்லை. தள்ளினவர்களின் அளவுகோலைப்பற்றித்தான் சொல்கிறது. நம் சபைக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வரன் தேடுகிறவர்கள் இதைத் தேவசமுகத்தில் யோசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நியாயமான எண்ணத்தோடு நடக்கும் தேர்விலும் அளவுகோல் குறுகிவிடலாம். 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்லும் கமகத்தை அசையாத கட்டைகளால் தர இயலாது என்பது அக்கால இசையறிஞர் பலரின் வாதம். அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வானொலி நிலையத்துக்குள் இடமில்லாதிருந்த அந்தப் பெட்டி, அதே ஆண்டுகளில் நம் ஆலயங்களிலும் கிராமத்து ஜெபக்கூட்டங்களிலும் பஜனை மடங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் ஒருநாளும் ஓயவில்லை. வானொலி தனக்கு வேண்டாம் என்றதைப் பாடுகிற ஜனங்கள் தங்களுக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, நாம் சொல்லும் ஆறுதல் கதைகளைப்பற்றி ஒரு வார்த்தை. 1962ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வாசித்துக்காட்டிய பீட்டில்ஸ் குழு நிராகரிக்கப்பட்டது. பின்னர் அவர்கள் உலகப்புகழ் பெற்றார்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவருமுன், மற்ற இசையமைப்பாளர்களின் குழுவில் கிட்டார் வாசிக்கிறவராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். இவை உண்மைக் கதைகள். தோற்றுப்போனவர்களிடம் இவற்றைச் சொல்லி ஊக்கப்படுத்துகிறோம். ஆனால் கவனியுங்கள், இவை எல்லாம் பின்னால் வென்றவர்களின் கதைகள். வென்றதால்தான் அவர்களுடைய பழைய தோல்வி நமக்குத் தெரியவந்தது. இளையராஜாவோடு அதே ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து, அவர் எழுந்துபோன பின்னும் வாழ்நாள் முழுவதும் பின்வரிசையிலேயே வாசித்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பெயர்கள் இசைத்தட்டின் உறையில் இல்லை. அவர்கள் இல்லாமல் அந்தப் பாடல்களும் இல்லை. நான்கு ஆண்டுகளாகத் தேர்வு எழுதுகிற இளைஞரிடம், நீயும் ஒருநாள் முதல்வரிசைக்கு வருவாய் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அப்படிப்பட்ட வாக்குத்தத்தம் வேதத்தில் இல்லை.

ஆகவே பர்சபாவிடம் திரும்புவோம்.

வேதம் அவருக்கு வேறொரு பெரிய பதவி கிடைத்தது என்று சொல்லவில்லை. அவர் மனம் கசந்தார் என்றும் சொல்லவில்லை. இந்த மௌனத்தின் நடுவே ஒரு காரியத்தைக் கவனித்தேன். சீட்டு விழுந்த மத்தியாவின் பெயரும் அந்த அதிகாரத்திற்குப் பிறகு வேதத்தில் எங்கும் வருவதில்லை. தெரிந்தெடுக்கப்பட்டவர், தெரிந்தெடுக்கப்படாதவர் இருவருமே பெயரின்றிச் சபைக்குள் மறைந்துவிடுகிறார்கள். அடுத்த அதிகாரத்தில் எல்லாரும் ஒருமனப்பட்டு ஓரிடத்தில் கூடியிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அந்த எல்லாரிலும் பர்சபா இல்லை என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அக்கினி நாவுகள் அங்கிருந்த ஒவ்வொருவர்மேலும் வந்து அமர்ந்தன. சீட்டு ஒருவருக்கு விழுந்தது, ஆவியானவர் எல்லார்மேலும் இறங்கினார்.

வேதத்துக்கு வெளியே பழைய சபைப் பாரம்பரியத்தில் ஒரு குறிப்பு உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த எராப்போலி பட்டணத்துக் கண்காணியாகிய பப்பியா சொன்னதாக, யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். யுஸ்து என்னும் பர்சபா கொடிய விஷத்தைக் குடிக்க நேர்ந்தும் கர்த்தருடைய கிருபையால் ஒரு தீங்கும் அடையவில்லை என்பது அந்தச் செய்தி. அதை வேதவசனத்துக்கு இணையாக வைக்கவேண்டியதில்லை. ஆனால் அது ஒன்றைக் காட்டுகிறது. சீட்டு விழாத இந்த மனிதரை முதல் தலைமுறைகளின் சபை மறக்கவில்லை. அப்போஸ்தலர் வரிசையில் இடம் கிடைக்காதவர் சாட்சியின் வரிசையிலிருந்து விலகவில்லை என்று அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.

அப்படியானால் திறமையும் தேர்வும் தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவை என்றே வேதம் சொல்கிறது. உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்த நாளில் கெனானியா பாட்டை நடத்தினார். அவர் அதில் நிபுணர் என்பதே சொல்லப்பட்ட காரணம் (1 நாளாகமம் 15:22). சவுலின் ஊழியர்கள் சுரமண்டலம் வாசிக்கத் தேறினவனைத் தேடினார்கள். தாவீது யாரும் கேளாத வெளியில், ஆடுகளின் நடுவே வாசித்துப் பழகியிருந்தபடியால் அந்த அழைப்பு வந்த நாளில் அவரால் போகமுடிந்தது. 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் ஆலயப் பாடகர்களின் தொகை 288 என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் முறைவரிசை வகுக்கும்போது, பெரியவன் சிறியவன், ஆசிரியன் மாணவன் என்ற வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டார்கள். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 வகுப்புகள். உள்ளே வருவதற்குப் பயிற்சி தேவைப்பட்டது. முதலாம் முறை யாருக்கு, இருபத்துநான்காம் முறை யாருக்கு என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லாதபடி கர்த்தர் அதைச் சீட்டின் கையில் விட்டார்.

இதனால் நான் அறிந்துகொள்வது இது. தேர்வு என்பது ஓர் இடத்திற்குப் பொருத்தமானவரைத் தேடுகிற காரியம். அந்தக் குழுவுக்கு முன்னால் நிற்கிற கிட்டார் வேண்டியிருந்தது, அந்தப் பட்டறைப் பையனிடம் அது இருந்தது. அவனுக்குக் கிடைத்தது நியாயம். அந்த இளைஞருக்கோ எனக்கோ கிடைக்காதது எங்கள் மதிப்பின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல. இடங்கள் குறைவு, மனிதர்கள் அதிகம். உலகத்தின் நாற்காலிகள் எப்போதும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை.

நம் ஊரின் வைணவ மரபில் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்றை உங்களில் அநேகர் அறிவீர்கள். மழை கொட்டிய ஓர் இரவில் பொய்கையாழ்வார் இவ்வூரில் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்கப் போதுமான இடம். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவரும் நின்றார்கள். அவர்களுடைய பக்தி மரபுக்கு அந்த இரவு எவ்வளவு அரியது என்பதை நான் மரியாதையோடு அறிவேன். அந்த இடைகழியில் யாரும் யாரையும் தேர்வு செய்யவில்லை என்பது என் மனதில் நின்றுவிட்டது. வந்தவர் நனைந்திருந்தார், உள்ளே இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார்.

சபை என்பது இசைக்குழு போலவும் இருக்கவேண்டும், இடைகழி போலவும் இருக்கவேண்டும். பாடகர் குழுவில், ஓய்வுநாள் பள்ளியில், கணக்குப் பார்க்கும் பணியில் அதற்குரிய பயிற்சியும் தேர்வும் இருக்கட்டும். அங்கே கண்மூடிக் கேட்டு, உண்மையைச் சொல்லி, பொருத்தமானவரைத் தெரிந்தெடுப்போம். உறவினர் பிள்ளை என்றும், பெரிய வீட்டுப் பிள்ளை என்றும் பாராமல் இருப்போம். ஆனால் திருவிருந்துப் பந்திக்கு ஆடிஷன் கிடையாது. ஞானஸ்நானத் தொட்டியின் அருகே மதிப்பெண் பட்டியல் இல்லை. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டவர்கள் நாம் (எபேசியர் 2:8). நமக்காக வாசித்துத் தேறினவர் ஒருவர் உண்டு. அவருடைய தேர்ச்சியே நம் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. நனைந்து வருகிற எவருக்கும் உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து நின்று இடம் கொடுப்பதே நம் கடமை.

இந்த வாரம் உங்கள் வீடுகளில் தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவப் படிப்பு, காவலர் பணி, வங்கி வேலை, ஒரு வரனின் பதில். கிடைத்தால் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள், அந்த நாற்காலிக்குரிய உழைப்பைக் கொடுங்கள். அதே வரிசையில் நின்று வெறுங்கையோடு போனவரின் முகத்தையும் நினைவில் வைத்திருங்கள். கிடைக்காவிட்டால், அவசரமாக ஆறுதல் சொல்லி வாயடைக்கவேண்டாம். அவர்களோடு பேருந்து நிலையம் வரை நடந்து போங்கள். வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு இடம் கொடுங்கள். சங்கீதக்காரர்கள் தேவனிடத்திலேயே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நாம் ஏன் தடுக்கவேண்டும்?

இன்னொரு வேண்டுகோள். நம் சபையிலேயே, கேட்டுப்பார்க்காமல் ஒதுக்கப்பட்டவர்கள் யாரேனும் உண்டா என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரிந்தும் அழைக்கப்படாதவர், பாட விரும்பியும் பின்வரிசையில் தயங்கி நிற்பவர், பறையும் கஞ்சிராவும் கையில் இருந்தும் ஆலயத்துக்கு வெளியே வைத்துவிட்டு வருகிறவர். நான் படித்த அரசரடிக் கல்லூரியில் கற்பித்த மறைந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு அவர்கள் கிராமத்து இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். எளிய ஜனங்கள் தங்கள் குரலுக்கேற்ப மாற்றிப் பாடக்கூடிய பாட்டே அவர்களுடைய பாட்டு என்று கற்பித்தார்கள். அந்தப் பாடம் நம் சபைக்கும் உரியது. வருகிற மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, வாசிக்கவோ பாடவோ விரும்புகிற எல்லாரையும் ஆலயத்தில் உட்கார்ந்து கேட்கத் தீர்மானித்திருக்கிறோம். குழுவில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும் என்று இப்போது சொல்லமுடியாது. வருகிற ஒவ்வொருவரும் கடைசிவரை கவனமாகக் கேட்கப்படுவார்கள் என்று மட்டும் வாக்களிக்கிறேன்.

ஜெபிப்போம்.

எங்கள் பரம தகப்பனே, முகத்தைப் பாராமல் இருதயத்தைப் பார்க்கிறவரே, உம்மைத் துதிக்கிறோம். தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்குத் தாழ்மையைத் தாரும். தெரிந்தெடுக்கப்படாதவர்களைக் கசப்பிலிருந்து காத்துக்கொள்ளும். ஒருவரையும் கேளாமல் தள்ளாத காதுகளை எங்களுக்குத் தாரும். பர்சபாவைப்போல, சீட்டு யாருக்கு விழுந்தாலும் உம்முடைய ஜனங்களோடு கூடியிருந்து உம்முடைய உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக நிலைத்திருக்க எங்களைப் பலப்படுத்தும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

உங்கள் போதகர்,
திருக்கோவிலூர்